குழந்தைக்கு எப்படிப் பக்கவாதம் வரும்? எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு சி.டி. எதற்கு?

கேள்வி: 2025 ஜூன் 3, மாலை 6.15

தங்கை மகனுக்கு 14 மாதம். ஞாயிற்றுக்கிழமை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். பெரிய அடி எதுவும் இல்லை. அழுதான், பால் குடித்தான், தூங்கிவிட்டான். எழுந்தபோது வலது கையைத் தூக்கவில்லை. சுளுக்கு என்று நினைத்து வழித்துவிட்டோம். மறுநாள் காலையும் இழுத்து இழுத்து வைத்தான், சிரித்தால் வாய் கோணியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்கிறார் மருத்துவர். இப்போது சி.டி.யும் எடுத்து வரச் சொல்கிறார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிகரெட் எதுவும் இல்லாத பச்சைக் குழந்தைக்கு எப்படிப் பக்கவாதம் வரும்? பெரிய படம் எடுத்த பிறகு சின்னப் படம் எதற்கு? காசு பிடுங்கும் வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூன் 3, இரவு 10.40

சி.டி. எடுங்கள். நாளைக்கே எடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஸ்கேன் மையத்தில் படம் எடுப்பவள், மதுரைப் பக்கம். படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை அல்ல. ஆனால் எந்த நோய்க்கு எந்தப் படம் என்பதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வயது, சின்ன வீழ்ச்சி, ஒரு பக்கம் தளர்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் நரம்பியல் மருத்துவர்களுக்கு உடனே நினைவுக்கு வரும் நோய் ஒன்று உண்டு. மூளையின் ஆழத்தில், கை கால் அசைவுக்கான பாதைகள் நெருங்கி ஓடும் இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனிகள் இருக்கின்றன. சில குழந்தைகளுக்கு அவற்றின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும். சாதாரணக் குழந்தை விழுந்தால் அழுதுவிட்டு எழுந்து போகும். இந்தக் குழந்தைக்கு அதே அதிர்ச்சியில் தமனி அடைபட்டுவிடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள்தான் இது அதிகம். இந்தியாவிலிருந்தே நிறைய பேருக்கு வந்ததாக மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

அடைப்பினால் மூளைக்கு என்ன நேர்ந்தது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகளை அது பெரும்பாலும் தவறவிடும். சி.டி.யில், அதுவும் மெல்லிய வெட்டுகளாக எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால், புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ தெரியும். பெரிய படம், சின்னப் படம் என்று மருத்துவத்தில் ஒன்றும் கிடையாது.

கதிர்வீச்சு பயம் இருந்தால்: தலைக்கு ஒரு சி.டி. என்பது ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் ஒரு வருடத்தில் வாங்கிக்கொள்வது கிட்டத்தட்ட அவ்வளவுதான். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. இது தேவை.

ஜூன் 4, காலை 7.20

“குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருவதே இல்லை, மருத்துவர்கள் பெயர் வைக்கிறார்கள்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். வருகிறது ஐயா. பிறந்த குழந்தைகளில் சில ஆயிரத்தில் ஒன்றுக்கு வருகிறது. வாழ்நாளில் பக்கவாத ஆபத்து மிக அதிகமாக உள்ள நாட்களில் பிறந்த முதல் சில நாட்களும் அடக்கம். அதற்குப் பிறகு அபூர்வம்தான், ஆனால் நின்றுவிடுவதில்லை.

பெரியவர்களுக்கு வருவதும் குழந்தைகளுக்கு வருவதும் பெயரில்தான் ஒன்று. பெரியவர்களுக்கு நூற்றில் எண்பதுக்கு மேல் அடைப்பு, மீதி ரத்தக்கசிவு. குழந்தைகளில் கசிவும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. பெரியவர்களுக்குக் கொழுப்பு, கொதிப்பு, சர்க்கரை. குழந்தைகளில் அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. தேட வேண்டியது தமனிச் சுவர், இதயம், ரத்தம், அண்மையில் வந்த தொற்று.

ஜூன் 4, மதியம்

சுளுக்கு வழிப்பவரைக் குறை சொல்லவில்லை. சின்னக் குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் முழங்கை மூட்டு நழுவும், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் வலி உண்டு, கையைத் தொட்டாலே வீறிடும், காலும் முகமும் ஒழுங்காக இருக்கும். வலியே இல்லாமல் கை சும்மா கிடந்தால் அது மூட்டு இல்லை. முகத்தைப் பாருங்கள், நடையைப் பாருங்கள். இதைப் பார்க்க ஸ்கேன் வேண்டாம்.

ஜூன் 6, இரவு

இன்று வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வயதுப் பெண். மூன்று மாதத்துக்கு முன் வேறோர் ஊரில் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறார்கள். மூளையில் பழைய அடைப்பின் தழும்பு என்று அறிக்கை. இன்று மறுபக்கம் கை விழுந்து வந்திருக்கிறாள். பழைய படத்தை வாங்கிப் பார்த்தால் மூளை மட்டும் இருக்கிறது, ரத்தக்குழாய்ப் படம் எடுக்கவே இல்லை. சீட்டில் ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று எழுதியிருக்கும், எடுப்பவர் அதை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார். ஆஞ்சியோகிராம் சேர்த்து எடுக்க எம்.ஆர்.ஐ.யில் மருந்து ஊசிகூட வேண்டாம். ஓடும் ரத்தத்தை வைத்தே தமனியைக் காட்டிவிடலாம். ஐந்தாறு நிமிடம் கூடுதலாகும். குழந்தைக்கு ஏற்கெனவே மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்தாகிவிட்டது. அந்த ஐந்தாறு நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன சாதித்தார்கள்?

இன்று எடுத்ததில் மூளையின் அடியில் இரண்டு பக்கமும் பெரிய தமனிகள் சுருங்கியிருந்தன, சுற்றிலும் மெல்லிய குழாய்கள் புகைபோல முளைத்திருந்தன. மோயமோயா. ஜப்பானில் 1969-ல் பெயரிட்ட நோய், அங்கேதான் அதிகம், நம் ஊரிலும் உண்டு. இதில் மூளைத் திசுவின் படம் தழும்பைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது.

அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வருடக்கணக்காகவே சூடான சாப்பாட்டை ஊதும்போது கை மரத்துப்போகிறது என்று சொல்வாளாம். விம்மி விம்மி அழுதால் பேச்சுக் குழறுமாம். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று வீட்டில் தீர்மானித்திருக்கிறார்கள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். குறைந்தால் மூளைத் தமனி சுருங்கும். ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பது இன்னும் சுருங்கினால் கை விழும், மூச்சு சீரானால் திரும்பிவிடும். பலூன் ஊதினாலும் புல்லாங்குழல் ஊதினாலும் இதுதான். ஆகையால் ஊதும்போது, அழும்போது, ஓடிய பிறகு ஒரு பக்கம் தளர்ந்து சில நிமிடத்தில் சரியாகிறது என்றால் அதை நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கும்போது குழந்தையை வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். இப்படி நடந்ததுண்டு என்றால் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுவார்கள்.

இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. தலைத்தோலின் தமனியை மூளைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அதற்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 6, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் விட்டுப்போன ஒன்று: கழுத்து. மூளைத் தமனி எல்லாம் கழுத்து வழியாகத்தான் வருகிறது. வாயில் பென்சிலோ பல்துலக்கும் பிரஷ்ஷோ வைத்துக்கொண்டு ஓடி விழுந்த குழந்தைக்கு, தொண்டைக்குப் பின்னால் ஓடும் தமனியின் உள்சுவர் கிழிந்து, மறுநாள்கூடப் பக்கவாதம் வரலாம். வாயில் ஒரு கீறல்தான் இருக்கும், அதற்கு மருந்து தடவிவிட்டு மறந்துவிடுவார்கள். கழுத்தையும் சேர்த்துப் படம் எடுக்காவிட்டால் கிழிசல் தெரியாது.

ஜூன் 7

அம்மை பற்றிக் கேட்ட திண்டுக்கல் அம்மாவுக்கு: ஆமாம், சின்னம்மைக்குப் பிறகு சுமார் ஆறு மாதம் வரை மூளைத் தமனி வீங்கிச் சுருங்கிப் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுதல். மிக அபூர்வம், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் மருத்துவர் “அண்மையில் ஏதாவது நோய் வந்ததா?” என்று கேட்டால் நம் வீடுகளில் “ஒன்றும் இல்லை” என்றுதான் பதில் வரும். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்துவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள், அதை நோய்க்கணக்கில் சேர்க்க மனம் வராது. எனவே நான் ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றே, “வீட்டில் அம்மை போட்டதா? வேப்பிலை கட்டினீர்களா?” என்று கேட்டுவிடுவேன். அப்போதுதான் பாட்டி வாயைத் திறப்பார். சாதாரணச் சளிக் காய்ச்சல்கூட, வந்த ஒரு வாரத்துக்குள் சில குழந்தைகளில் ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஆய்வில் தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்ட குழந்தைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: காசநோய் மூளைக்காய்ச்சல். வாரக்கணக்கில் காய்ச்சல், எடை குறைவு, வாந்தி, மந்தம், அப்புறம் ஒரு நாள் கை கால் விழும். அங்கே முதுகுத்தண்டு நீரைப் பரிசோதிக்காமல் வேலை ஆகாது. “முதுகில் ஊசி போட்டால் இடுப்பு போய்விடும்” என்று கையெழுத்துப் போட மறுத்துப் பாதி வழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, அதற்கும் மேலேயே முடிந்துவிடுகிறது.

ஜூன் 8

“எங்கள் குட்டி எட்டு மாதத்திலேயே இடது கைக்காரன், அறிவாளியாக வருவான்” என்று பெருமையாக எழுதியிருக்கும் தம்பிக்கு: வருவான், சந்தோஷம். அதற்கு முன்னால் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முதல் வருடத்தில் குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். இந்தக் கை, அந்தக் கை என்ற சார்பு ஒன்றரை, இரண்டு வயது வாக்கில்தான் துலங்கும். எட்டு மாதத்தில் எதற்கும் ஒரே கையை நீட்டுகிறான் என்றால் மற்றக் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். அந்தக் கை மூடியே இருக்கிறதா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கிறதா, தவழும்போது அந்தப் பக்கம் பின்தங்குகிறதா என்று பாருங்கள். பிரசவத்தையொட்டி வந்த பக்கவாதம் அப்போது எந்த அறிகுறியும் காட்டாமல், நான்கைந்து மாதம் கழித்து இப்படித்தான் தலைகாட்டும். உங்களை அச்சுறுத்த எழுதவில்லை. பரிசோதித்து ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் இடக்கைக்கு இனிப்பு வாங்கிக் கொடுங்கள்.

ஜூன் 8, மாலை

உளப்பகுப்பாய்வுக்காக எல்லோரும் பேசும் ஃப்ராய்டு, அதற்கு முன் நரம்பியல் மருத்துவர். 1891-ல் ஆஸ்கார் ரீயுடன் சேர்ந்து குழந்தைகளின் ஒரு பக்கச் செயலிழப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கனவுக்கு வருவதற்கு முன் கை காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது “இது புது நோய், செல்போனால் வருகிறது” என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஜூன் 10

முதல் சில மணி நேரம் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். நோய் கண்டுபிடிப்பதில் கெட்டுப்போகும் இடம் இதுதான். முன்னேறிய நாடுகளிலேயே குழந்தையின் பக்கவாதம் உறுதியாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் தாமதத்தைவிட மருத்துவமனைத் தாமதமே அதிகம்.

ஏன் தாமதம்? குழந்தைகளுக்குப் பக்கவாதம் பல நேரம் வலிப்போடு தொடங்கும். வலிப்பு வந்தபின் ஒரு பக்கம் தற்காலிகமாகத் தளர்வது உண்மையிலேயே உண்டு, பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் சரியாகும். “அதுதான், பொறுத்திருந்து பார்ப்போம்” என்று விட்டுவிடுவார்கள். ஒற்றைத்தலைவலியிலும் ஒரு வகை கை காலைத் தளர்த்தும். சர்க்கரை இறங்கினாலும் தளர்த்தும், அதனால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. முகவாதத்தில் பாதி முகம் முழுவதும் விழும், அந்தப் பக்க நெற்றியைச் சுருக்க முடியாது, கண்ணை மூட முடியாது. பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவு தெளிவாக இராது, ஆனாலும் பார்க்கலாம்.

அப்புறம், “சி.டி. நார்மல், வீட்டுக்குப் போங்கள்.” இதைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. நார்மலாகவே இருக்கலாம். கசிவு இல்லை என்பதை மட்டும்தான் அது அப்போது உறுதியாகச் சொல்லும். எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படம் இருக்கிறது, திசுவில் நீர் நகர முடியாமல் நின்றுவிட்டதைக் காட்டும், அடைப்பைச் சீக்கிரமே பிடித்துவிடும்.

அதற்காக நள்ளிரவில் எம்.ஆர்.ஐ. கேட்டு அடம் பிடிக்கவும் வேண்டாம். நான்கு வயதுக் குழந்தை அந்தச் சத்தத்தில் இருபது நிமிடம் அசையாமல் படுக்காது. மயக்க மருத்துவர் வர வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும். அதுவரை சில விநாடியில் முடியும் சி.டி.யை எடுத்துக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொள்வது நியாயம்தான். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்து, துணியில் இறுக்கச் சுற்றி, காதை அடைத்துவிட்டால் பல நேரம் மருந்தே வேண்டாம். என் ராசிக்குப் பிறந்த குழந்தைகள் நன்றாகத் தூங்கும், பெரியவர்கள்தான் பாதியில் எழுந்து உட்காருவார்கள்.

திடீரென்று ஒரு பக்கம் விழுந்தால் 108-ஐ அழையுங்கள். குடிக்கவும் சாப்பிடவும் எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்குவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தான் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 11

யாரோ ஒரு மாமியார் “கர்ப்பத்தில் பப்பாளி தின்றதால்தான்” என்கிறாராம். இல்லை அம்மா. பிறந்த குழந்தையின் அடைப்புக்கு நஞ்சுக்கொடியிலிருந்து நழுவிய ரத்தக்கட்டி ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். பல குழந்தைகளில் எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. மறுபடி வருவதும் மிக அரிது. மருமகளை விட்டுவிடுங்கள்.

ஜூன் 14

கசிவு பற்றி யாருமே கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். வளர்ந்த குழந்தைகளில், பிறவியிலேயே தமனியும் சிரையும் பின்னிக்கொண்ட முடிச்சு வெடிப்பது முதன்மைக் காரணம். இடிபோலத் தலைவலி, வாந்தி, மயக்கம். நம் ஊர் வயல்வெளியில் கண்ணாடி விரியன் கடித்த பிள்ளைகளுக்கும் மூளையில் கசிவோ அடைப்போ வருவதுண்டு.

என்னை மிகவும் அலைக்கழிப்பது இன்னொரு வகை. ஒரு மாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும், நன்றாக இருந்தது, திடீரென்று வெளுத்து, உச்சிக்குழி புடைத்து வருகிறது. மூளைக்குள் ரத்தம். பிறந்தவுடன் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி, ஒரே ஒரு மில்லிகிராம், போடப்படவில்லை. தாய்ப்பாலில் அந்த வைட்டமின் மிகக் குறைவு, குழந்தையின் குடலும் இன்னும் உண்டாக்கத் தொடங்கியிருக்காது. வீட்டிலேயே இயற்கையாகப் பிரசவம் பார்த்து ஊசியே வேண்டாம் என்று இருந்தவர்களின் குழந்தை அது. அவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன. படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 15

கூடலூரிலிருந்து எழுதியவருக்கு: அரிவாள் அணுச் சோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை நோய், உள்ள குழந்தைகள்தான் பக்கவாத ஆபத்து மிக அதிகமுள்ள கூட்டம். உங்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் இந்தியாவில் முதன்முதலில், 1952-ல், இதைக் கண்டறிந்தார்கள். முன்கூட்டியே கணிக்க முடிகிற பக்கவாதம் இது. கன்னப்பொட்டில் வைத்து எடுக்கும் டாப்ளர் ஸ்கேனில் மூளைத் தமனியின் ரத்த வேகம் விநாடிக்கு 200 செ.மீ.யைத் தொட்டால் ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முறையாக ரத்தம் ஏற்றினால் பக்கவாதம் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது என்று அமெரிக்காவில் 1998-ல் காட்டினார்கள். ஊசி இல்லை, கதிர் இல்லை, மயக்கம் இல்லை. இரண்டு வயதிலிருந்து வருடம் ஒரு முறை எடுக்கச் சொல்கிறார்கள். ஒன்றிய அரசு 2023 ஜூலையில் இந்த நோய்க்கென்று இயக்கம் தொடங்கிப் பெரிய அளவில் ரத்தப் பரிசோதனை நடத்துகிறது, நல்லது. பரிசோதனை முடிவு அட்டையைக் கொடுத்த கையோடு டாப்ளருக்கும் வழி செய்தால் இன்னும் நல்லது. உங்கள் பக்கத்தில் எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

ஜூன் 21

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். சி.டி.யில் புள்ளிகள் தெரிந்தனவாம். எக்கோவில் இதயம் நன்றாக இருக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இதுவும் சும்மா ஒட்டிக்கொண்ட விஷயம் இல்லை. கனடாவில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த சின்னக் குழந்தைகளிடம் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை மற்றக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு அதிகம் காணப்பட்டது. ஒரு வயதுக்கு மேலும் பால் மட்டுமே கொடுத்து, சோறும் கீரையும் தள்ளிப்போடும் வீடுகள் கவனிக்க. கை இப்போது மெல்ல எழுகிறது, பொம்மையைப் பிடிக்கிறான் என்று எழுதியிருக்கிறார். இந்த வகையில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறுகிறார்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பிரின் பற்றி: குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது என்று படித்ததாகச் சொல்லி நிறுத்தப் போகிறாராம். நிறுத்தாதீர்கள். அந்த எச்சரிக்கை அம்மைக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் கொடுப்பதைப் பற்றியது. இங்கே மறுபடி அடைப்பு வராமலிருக்கச் சிறிய அளவில் தெரிந்தே கொடுக்கிறார்கள். அம்மை போட்டாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். சின்னம்மைத் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள். மறுபடி விழுந்தால் மறுபடி வரக்கூடும், ஆகவே கொஞ்ச நாளைக்குக் கட்டிலை மறந்துவிட்டுப் பாய்க்கு வந்துவிடுங்கள், வீட்டோடு.

கடைசியாக ஒன்று, தொழில்முறைக் கெஞ்சல். ஸ்கேன் மையத்தில் கொடுக்கும் ஃபிலிமை மடக்கிப் பைக்குள் திணித்து, குறுந்தகட்டைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறீர்கள். ஃபிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். அந்தச் சுண்ணாம்புப் புள்ளியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் குறுந்தகட்டில் உள்ள முழுப் படம் வேண்டும். பென் டிரைவிலும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, தேதியை எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள். எங்கள் கணினியில் இடம் நிரம்பினால் பழையதை அழித்துவிடுவோம்.